கேமராவுக்கு ஒதுக்கிய அரிசி

மலாக்கா மக்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்பது 2603ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே முடிவாகிவிட்டது. ஜப்பானியர் வந்ததும் அவர்கள் நாட்காட்டிப்படி 1943 என்பது 2603 ஆகி, ஆண்டுக்கணக்கு அறுநூறு வருஷங்களுக்கு மேல் முன்னால் தாவியது. கடிகாரமும் தோக்கியோ நேரத்தைப் பிடிக்க ஒன்றரை மணி முன்னால் நகர்ந்தது. மக்களின் மகிழ்ச்சி மட்டும் பின்தங்கிக் கிடக்க நியாயமில்லை. மிச்சமிருந்த வேலை அதைப் படம் பிடிப்பது ஒன்றுதான். அதற்காக மகிழ்ச்சிப் படப் பிரிவு என்றோர் அலுவலகத்தைத் திறந்தார்கள்.

பிரிவின் தலைமைக் கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, கருணாகரன் அமர்ந்தார். வெள்ளைக்காரன் காலத்திலும் அவர் அதே கட்டடத்தில், அதே நாற்காலியில், தலைமைக் கிராணியாகத்தான் இருந்தார். சுவரில் மாட்டியிருந்த ராஜாவின் படம் மாறியபோது நாற்காலியை மாற்றவேண்டிய அவசியம் யாருக்கும் தோன்றவில்லை. முன்பு எல்லோரையும் 'மிஸ்டர்' போட்டு அழைத்தவர், இப்போது ஜப்பானிய வழக்கப்படி பெயருக்குப் பின்னால் 'சான்' போட்டு அழைத்தார். மற்றபடி அவரிடம் மாற்றமில்லை.

படம் எடுக்க ஓர் ஆள் வேண்டும் என்று தேடியபோது சேதுபதி அகப்பட்டார்.

சேதுபதிக்கு மலாக்காவின் காஜா பெராங் பகுதியில், ஒரு சைக்கிள் கடையை ஒட்டி, சின்னதாக ஒரு ஸ்டூடியோ இருந்தது. உள்ளே மலையும் ஏரியும் வரைந்த திரை, இரண்டு நாற்காலி, மூன்று கால்மேல் நிற்கும் பழைய மரக் கேமரா. கல்யாணப் படங்கள்தான் அவருக்குச் சோறு போட்டன. ஜப்பானியர் வந்த பிறகும் கல்யாணங்கள் நிற்கவில்லை. வயசுப் பெண்ணை வீட்டில் வைத்திருக்கப் பயந்து அவசர அவசரமாக முடித்துவைத்தார்கள். படம் எடுக்கத்தான் யாரும் வரவில்லை. சேதுபதியின் மனைவி கமலவேணி ஸ்டூடியோவின் பின்புறத்தைக் கொத்தி மரவள்ளி நட்டாள். காலையில் அதை அவித்துத் தின்றார்கள், மாலையில் சுட்டுத் தின்றார்கள்.

பிரிவில் சேர்ந்தால் கையில் கட்டிக்கொள்ள ஒரு வெள்ளைப் பட்டை தருவார்கள் என்று கேள்விப்பட்டதும், கமலவேணி கணவரைக் கையோடு அனுப்பிவைத்தாள். சிவப்பு எழுத்துப் போட்ட அந்தக் கைப்பட்டை இருந்தவனைச் சாலையில் மறித்து லாரியில் ஏற்ற மாட்டார்கள். இல்லாதவனை ஏற்றுவார்கள். அடுத்த வீட்டு தேவதாஸ் அப்படித்தான் போனான். புக்கிட் ரம்பாய் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். பெட்ரோல் இல்லாமல் பஸ் நின்றதும் வேலை தேடி நடந்துகொண்டிருந்தான். சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், மூன்று மாத வேலைதான் என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் மனைவி அஞ்சலை கைக்குழந்தையோடு நின்றாள். மூன்று மாதம் எப்போதோ கடந்துவிட்டது.

பிரிவின் முதல் கட்டளை எளிமையானது. மகிழ்ச்சியான மக்களைப் படமெடுத்து, சிங்கப்பூரில் நடக்கும் கண்காட்சிக்கு அனுப்ப வேண்டும். சேதுபதி மரக் கேமராவைத் தோளில் சுமந்துகொண்டு போனார். பொற்கொல்லர் தெருவான ஜாலான் துக்காங் எமாஸில் பொன் இல்லாத பொற்கொல்லர்களை எடுத்தார். பாசார் சந்தையில் மீன் இல்லாத மீன்காரிகளை எடுத்தார். ரேஷன் வரிசையை எடுத்தார். படங்களைக் கழுவி, உலர்த்தி, கொண்டுபோய்க் கொடுத்தார்.

கருணாகரன் படங்களை மேசைமேல் பரப்பிவைத்துக்கொண்டு கூட்டம் கூட்டினார். கூட்டத்தில் சேதுபதியும் ஒரு பியூனும் இருந்தார்கள்.

"மக்கள் மகிழ்ச்சியா இருக்காங்க," என்று அவர் எழுந்து நின்று ஆரம்பித்தார். "இது என் அபிப்பிராயம் இல்ல, அரசாங்க முடிவு. ஆனா படத்துல மகிழ்ச்சி வரல. அப்படின்னா அது வழியில எங்கயோ தொலைஞ்சிருக்கு. மக்களுக்கும் காகிதத்துக்கும் நடுவுல என்ன இருக்கு? கேமரா! வெள்ளைக்காரன் காலத்துலயும் நான் இதையேதான் சொன்னேன். அப்ப மக்கள் விசுவாசமா இருக்காங்கன்னு படம் கேட்டாங்க. அதுவும் சரியா விழல. அப்பவும் கேமராதான் கோளாறு."

சேதுபதி தயங்கினார். "ஐயா, அவங்க நிஜமாவே கொஞ்சம்..."

"கொஞ்சம் என்ன?"

"ஒண்ணுமில்லைங்க ஐயா. கேமரா பழசுதான்."

புக்கிட் பாரு பக்கம் ஒரு தோட்டத்துரை விட்டுவிட்டு ஓடிய பங்களாவிலிருந்து புதுக் கேமரா வந்தது. ஜெர்மானியச் சரக்கு. இரண்டு கைக்குள் அடங்கிவிடும். அதைச் சேதுபதியிடம் ஒப்படைக்க அலுவலக முற்றத்தில் விழா நடந்தது. முதலில் எல்லோரும் தோக்கியோ இருக்கும் திசை நோக்கிக் குனிந்தார்கள். பிரிவுக்குப் பொறுப்பான கேப்டன் ஒகுடா முன்னால் வந்தார். மெலிந்த மனிதர். எப்போதும் தூக்கம் போதாதவர்போல இருப்பார். அவர் ஒரே ஒரு வாக்கியம் பேசிவிட்டு நிறுத்தினார். கருணாகரன் அதைக் கால் மணி நேரம் மொழிபெயர்த்தார். அவருக்கு நாற்பதோ ஐம்பதோ ஜப்பானியச் சொற்கள் தெரியும். கேப்டன் பேசியதில் அவை இல்லாவிட்டாலும் மொழிபெயர்ப்பு தடைப்படவில்லை.

"இந்தக் கேமரா ராணுவத்தின் சொத்து. ஆகவே இதுக்கும் ராணுவ மரியாதை உண்டு," என்று முடித்தார்.

அந்த மரியாதையில்தான் முதல் சிக்கல் வந்தது. ராணுவச் சொத்தைக் கண்டால் பொதுமக்கள் குனிந்து வணங்க வேண்டும். சேதுபதி கேமராவைத் தூக்கினாலே தெருவில் இருந்தவர்கள் இடுப்புவரை குனிந்தார்கள். முதல் சுருள் முழுக்க உச்சந்தலைகள். எண்ணெய் காணாத தலை, வழுக்கைத் தலை, கொண்டை, துண்டு கட்டிய தலை. எல்லாம் மயிர்மயிராகத் தெளிவாக விழுந்திருந்தன. கருணாகரன் யோசித்துவிட்டு உத்தரவைத் திருத்தினார். படம் எடுப்பதற்கு முன்பும் பின்பும் குனியலாம், எடுக்கும்போது மட்டும் நிமிர வேண்டும். எப்போது எடுக்கிறார் என்பது மக்களுக்குத் தெரியாததால், அடுத்த சுருளில் பாதிப்பேர் குனிந்துகொண்டும் பாதிப்பேர் நிமிர்ந்துகொண்டும் இருந்தார்கள். ஒரு கிழவர் இரண்டுக்கும் நடுவில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

மூன்றாவது சுருளில் முகங்கள் கிடைத்தன.

கருணாகரன் பூதக்கண்ணாடியை எடுத்தார். வெகுநேரம் பார்த்தார்.

"சேதுபதி சான். இது என்ன, கோடு கோடா?"

"விலா எலும்புங்க ஐயா."

"பழைய கேமராவுல இது இல்லையே?"

"அப்பவும் இருந்துச்சுங்க. தெரியல. இது நல்ல கேமராங்க ஐயா."

கருணாகரன் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். கேமரா ஜப்பானின் கூட்டாளியான ஜெர்மனியில் செய்தது, அது தப்புச் செய்யாது. மக்கள் மகிழ்ச்சியாக இருப்பது அரசாங்க முடிவு, அதுவும் தப்பாகாது. மிச்சமிருந்தது சேதுபதி ஒருவர்தான். கருணாகரனின் பார்வை சேதுபதியின் கையில் கட்டியிருந்த வெள்ளைப் பட்டைமேல் போய் நின்றது. சேதுபதி அதை மறு கையால் மறைத்துக்கொண்டார்.

"இன்னும் ஒரு வாய்ப்புத் தர்றேன்," என்றார் கருணாகரன். "மக்களுக்கு மகிழ்ச்சி இருக்கு. அதை வெளிய காட்டத் தெரியல. பயிற்சி இல்லாததுதான் காரணம்."

அதனால் சிரிப்புப் பயிற்சி தொடங்கியது. வாரத்தில் ஒரு காலை, காஜா பெராங்வாசிகள் திடலில் வரிசையாக நிற்க வேண்டும். கருணாகரன் ஒரு மேடைமேல் ஏறி, "இச்சி, நீ, சான்" என்று ஜப்பானிய மொழியில் மூன்றுவரை எண்ணுவார். 'சான்' வரும்போது சிரிக்க வேண்டும். வரிசையைச் சுற்றித் துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்கள் நடந்தார்கள். சிரிக்காதவர்களை அவர்கள் அடிக்கவில்லை, பக்கத்தில் போய் நின்றார்கள், அவ்வளவுதான். எல்லோரும் பல் தெரியச் சிரித்தார்கள். ஜெர்மன் கேமரா பற்களை எடுத்தது. பற்களுக்கு மேலிருந்த கண்களையும் எடுத்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், கண்ணுக்குள் சிப்பாயின் உருவம்கூடச் சின்னதாகத் தெரிந்தது.

அந்தப் படங்களைப் பார்த்த கருணாகரன் அவற்றைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "இந்தக் கேமராவை ரொம்ப ஜாக்கிரதையா பாத்துக்கணும்," என்று மட்டும் சொன்னார். கேமராவைக் குறை சொல்ல முடியாத நிலையில் அதைப் பராமரிக்கவாவது செய்யலாமே என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். மலாக்காவின் ஈரக்காற்றுக்கு என்ன செய்வது என்று சேதுபதியைக் கேட்டார்.

"அரிசியை வறுத்து, துணிப்பையில கட்டி, கேமராப் பெட்டிக்குள்ள வைப்பாங்க ஐயா. ஈரத்தை இழுத்துக்கும். இப்ப அரிசிக்கு எங்க போறது? சாம்பல் வச்சுப் பாக்கலாம்."

"ராணுவச் சொத்துக்குச் சாம்பலா!"

ஊரில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்குக் கூடுதல் அரிசி வேண்டுமென்றால் எத்தனையோ கையெழுத்து வாங்க வேண்டும், வாங்குவதற்குள் பிள்ளை பிறந்து தவழ ஆரம்பித்துவிடும். கேமராவுக்கான அரிசிக்கு ஒரே காலையில் அனுமதி கிடைத்தது. மாதாமாதம் ஒரு பை நல்ல பச்சரிசி. அதில் பாதியைக் கருணாகரன் அலுவலகத்திலேயே நிறுத்திக்கொண்டார்.

"அலுவலகத்துலயும் ஈரம் இருக்கு," என்று விளக்கினார்.

சேதுபதி மீதி அரிசியை வீட்டுக்குக் கொண்டுவந்து, வறுத்து, பையில் கட்டி, கேமராவுக்குப் பக்கத்தில் படுக்கவைத்தார். வறுத்த வாசனை காஜா பெராங் முழுக்கப் போனது. கமலவேணி மரவள்ளியை மென்றபடி கேமரா இருந்த தகரப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது சாப்பிடுமா?" என்று கேட்டாள்.

"ஈரத்தை இழுக்கும்."

"நமக்கும் உடம்புல ஈரம்தான். என் காலு வீங்கிக் கிடக்கு. யாரு கேக்கறா?"

சேதுபதி பெட்டியை மூடினார். அவர் அந்த அரிசியைத் தொட மாட்டார். நேர்மை என்று சொல்ல முடியாது, பயம். மாதம் முடிந்ததும் பழைய அரிசியை அலுவலகத்தில் காட்டிவிட்டுப் புதிய அரிசி வாங்கிவந்தார். பழையதைக் கருணாகரன் பெருந்தன்மையோடு தம் வீட்டுக்கு எடுத்துப்போனார்.

மழை பிடித்துக்கொண்ட நாளில் அஞ்சலையின் குழந்தை ஜெயாவுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. ஒரு வயசு தாண்டிய குழந்தை. மரவள்ளிக் கஞ்சி உள்ளே நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்தில்லை, அரிசிக் கஞ்சி கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அஞ்சலை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்தவள்போல நின்றாள்.

"என்னங்க," என்றாள் கமலவேணி.

"கமலம், அது தெரிஞ்சா கைப்பட்டையக் கழட்டிருவாங்க. அடுத்த லாரியில நானும் சயாமுக்குத்தான்."

"தெரியும்."

அவள் பெட்டியைத் திறந்து துணிப்பையை எடுத்தாள். சேதுபதி தடுக்க எழுந்தார். எழுந்தவர் போய் அடுப்பைப் பற்றவைத்தார். அஞ்சலை அடுப்பருகே உட்கார்ந்து ஒவ்வொரு கரண்டியாக ஊட்டினாள். மூன்றாம் நாள் ஜெயா கண்ணைத் திறந்து கரண்டியைத் தானே பிடிக்கப் பார்த்தது. அந்த மாத அரிசி அதோடு முடிந்தது. அடுத்த மாத அரிசியும் பெட்டிக்குள் போகவில்லை. அலுவலகத்தில் காட்டுவதற்காகப் பையில் மணலை நிரப்பி, மேலே ஒரு பிடி அரிசி தூவினார் சேதுபதி. பழைய அரிசியில் வண்டு விழுந்துவிட்டது என்று அவர் சொன்னதால் கருணாகரன் அதை வீட்டுக்கு எடுத்துப்போகவில்லை. ஜெயா தேறிவிட்டது, கமலவேணியின் கால்வீக்கம் வடிந்தது, சேதுபதிக்கும் ஒருவாய் கிடைத்தது. கேமராவுக்கு மட்டும் பட்டினி.

பட்டினி கிடந்த கேமராவின் கண்ணில் பூஞ்சணம் பிடித்தது.

அவர் அதைக் கண்டுபிடித்தது ஒரு சுருளைக் கழுவியபோது. படமெல்லாம் பால் ஊற்றியதுபோல வெளுத்திருந்தது. கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிலந்திவலைபோல் வெள்ளை இழைகள் ஓடியிருந்தன. அன்று சமைத்ததை அவர் தொடவில்லை. மறுநாள் கருணாகரன் முன்னால் படங்களை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மன்னிப்புக் கேட்கும் வாக்கியத்தை வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தார்.

"ஐயா, இதுக்குக் காரணம்..."

"உஷ்!" என்றார் கருணாகரன்.

படத்தில் நிழல்கள் கரைந்துபோயிருந்தன. கன்னத்துக் குழியெல்லாம் நிரம்பிவிட்டது. விலா எலும்பைக் காணோம். கண்ணில் இருந்த பயம் வெளிச்சத்தில் மூழ்கி ஒரு பளபளப்பு மட்டும் மிஞ்சியிருந்தது. காஜா பெராங் மக்கள் ஒரு சுற்றுப் பெருத்து, ஒளி வீசிக்கொண்டு, எதையோ நினைத்து உள்ளூரப் பூரித்தவர்களாக நின்றார்கள்.

"கடைசியில வந்துருச்சே!" கருணாகரனின் குரல் தழுதழுத்தது. "நான் சொல்லல? நல்ல கேமராவுல நல்ல படம் வரும். கொஞ்சம் பக்குவப்படணும், அவ்வளவுதான். எல்லாம் அந்த அரிசியோட பலன்!"

படங்கள் கேப்டன் ஒகுடாவிடம் போயின. அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக ஏதோ கேட்டார்.

"இது எந்த ஊருன்னு கேக்கறாரு," என்று கருணாகரன் சேதுபதியின் காதில் சொல்லிவிட்டு, கேப்டனிடம் பெருமையாக, "மலாக்கா!" என்றார்.

கேப்டன் தலையசைத்தார். தம் ஊரிலிருந்து கடிதம் வந்து எவ்வளவு நாளாயிற்று என்று எண்ணுபவர்போலச் சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, முத்திரையைக் குத்தினார்.

சிங்கப்பூர்க் கண்காட்சியில் மலாக்கா மக்களே எல்லாரைக் காட்டிலும் மகிழ்ச்சியானவர்கள் என்று தீர்ப்பாயிற்று. அந்தச் செய்தி வந்த மறுநாள் மூன்று உத்தரவுகள் வெளியாயின. கேமராவின் கண்ணாடியை யாரும் எக்காரணம் கொண்டும் துடைக்கக் கூடாது. கேமராவுக்கான அரிசி இரண்டு பங்காக உயர்த்தப்படுகிறது. மக்கள் மகிழ்ச்சியாக இருப்பது நிரூபணமாகிவிட்டதால் மக்களுக்கான அரிசி குறைக்கப்படுகிறது.

அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கும் மேலாகச் சேதுபதி நல்ல படங்களாக எடுத்துத் தள்ளினார். அவருக்கு யாரும் தொல்லை கொடுக்கவில்லை. அவர் படத்தில் பெருத்தவர்கள் தெருவில் இளைத்துக்கொண்டே போனார்கள். சிலரை மறுபடி படமெடுக்கத் தேடியபோது ஆளே இல்லை. கேமராவின் அரிசியில் இரண்டு வீடுகள் உயிரோடிருந்தன என்பதை நினைத்துச் சந்தோஷப்படவும் அவருக்குத் தெம்பில்லை. சாலையில் யாராவது "அண்ணே, நீங்க எடுத்த படத்த ஆபீஸ் வாசல்ல பாத்தேன்" என்றால், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்துவிடுவார்.

2605இல், மழை தொடங்கிய சமயத்தில், கருணாகரன் அவரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னதுமே சேதுபதிக்குப் பயம் வந்துவிட்டது.

"உங்களுக்குப் பதவி உயர்வு, சேதுபதி சான். சயாம் ரயில் பாதையில வேலை செய்யற நம்ம ஆளுங்க மகிழ்ச்சியா இருக்காங்க. ஆனா அங்க எடுத்த படத்துல அது சரியா வரலையாம். உங்க கேமராவோட நீங்களே நேர்ல போகணும்னு மேலிடத்து உத்தரவு."

"ஐயா, கைப்பட்டை..."

"அதுவும் உங்களோட வரும். யாரும் உங்களைப் பிடிச்சுட்டுப் போக முடியாது. நாங்க மரியாதையா அனுப்பறோம்."

ரயிலில் போகலாமென்றால், மலாக்காவிலிருந்து தம்பின் வரைக்கும் இருந்த தண்டவாளத்தை முன்பே கழற்றிச் சயாமுக்கு அனுப்பியிருந்தார்கள். அதனால் சேதுபதி ரயில் நிற்கும் தம்பினுக்கு லாரியில் போனார். தேவதாஸ் ஏறிய அதே மாதிரி லாரி. கமலவேணி அழவில்லை. அவித்த மரவள்ளியை இலையில் கட்டிக் கொடுத்தாள். அஞ்சலை மட்டும் லாரியின் பக்கவாட்டுப் பலகையைப் பிடித்துக்கொண்டு கூடவே கொஞ்சதூரம் நடந்தாள்.

"அண்ணே, அவரைப் பாத்தா..." என்றாள். லாரி வேகமெடுத்துவிட்டது.

சயாமில் அவர் பார்த்ததை அந்தக் கேமரா பார்க்கவில்லை. முகாம் முகாமாகக் கூட்டிப்போனார்கள். குண்டு விழுந்து உடைந்த பாலத்தைக் கோவணத்தோடு சரிசெய்துகொண்டிருந்தவர்களை நிறுத்தி, 'சான்' என்று எண்ணிச் சிரிக்கவைத்தார்கள். மலாக்கா ஆள் யாராவது உண்டா என்று அவர் போகும் இடமெல்லாம் விசாரித்தார். ஒரு முகாமில் நோயாளிகளைப் போட்டிருந்த மூங்கில் கொட்டகையைக் காட்டினார்கள். உள்ளே படமெடுக்க அனுமதியில்லை. வாசலில் நின்றபடி, யாரையும் அடையாளம் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தபோது, தரையோடு தரையாகக் கிடந்த ஒருவன் குரல் கொடுத்தான்.

"காஜா பெராங் ஸ்டூடியோ அண்ணனா?"

"யாரு?"

"தேவதாஸ்ணே. பஸ் கண்டக்டர்."

சேதுபதி பக்கத்தில் போய் உட்கார்ந்தார். குரலைத் தவிர மிச்சம் எதுவும் தேவதாஸாக இல்லை. இடது காலில் முழங்காலுக்குக் கீழே துணி சுற்றியிருந்தது. அந்தத் துணியிலிருந்து நாற்றம் வந்தது.

"பாப்பா எப்படிண்ணே இருக்கு?"

"ஓடுது. பிடிக்க முடியல."

"நான் வரும்போது கவுந்து படுக்கும்," என்று தேவதாஸ் மேலே பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு யாரும் எண்ணவில்லை. "அண்ணே, அஞ்சலைக்கு ஒரு படம் எடுத்துட்டுப் போறீங்களா? நான் இருக்கேன்னு அவளுக்குத் தெரியணும்."

அவனைத் தூக்கி வாசல் வெளிச்சத்தில் ஒரு கம்பத்தில் சாய்த்து உட்காரவைத்தார்கள். சேதுபதி சுற்றும் பார்த்துக்கொண்டு, சட்டை நுனியைக் கேமராவின் கண்ணருகே கொண்டுபோனார்.

"கொஞ்சம் இரு, கண்ணாடியத் தொடச்சுக்கறேன். இல்லாட்டி மங்கலா விழும்."

"மங்கலா விழுந்தா எப்படிண்ணே இருக்கும்?"

"சதை போட்ட மாதிரி இருக்கும். நல்லா இருக்கற மாதிரி."

தேவதாஸ் துணி சுற்றிய தன் காலைப் பார்த்தான்.

"தொடைக்காதீங்கண்ணே," என்றான்.

சேதுபதி திரும்பிவருவதற்குள் ஜப்பான் சரணடைந்துவிட்டது. அலுவலகத்தில் யாருமில்லை. கேப்டன் ஒகுடா ஒரு நாள் காலையில் தாமே தம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். மிச்சமிருந்த ரசாயனத்தில் சேதுபதி படங்களைக் கழுவினார். தேவதாஸின் படத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். கமலவேணியும் கூட வந்தாள்.

அஞ்சலை ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினாள். படத்தில் தேவதாஸ் கொழுகொழுவென்று, சாயங்கால வெயிலில் உட்கார்ந்து காற்று வாங்குபவன்போல இருந்தான். ஜெயா எட்டிப் பார்த்தது.

"அப்பா பாரு," என்றாள் அஞ்சலை. குழந்தை படத்தை வாங்கிக்கொண்டு ஓடியது. அவள் சேதுபதியின் பக்கம் திரும்பினாள். அவர் அதுவரை அவள் முகத்தைப் பார்க்காமல் நின்றிருந்தார்.

"படம் நல்லா எடுத்திருக்கீங்கண்ணே. இப்ப சொல்லுங்க. எப்படி இருக்காரு?"

சேதுபதி கமலவேணியைப் பார்த்தார். அவள் உதவிக்கு வரவில்லை. அவர் தரையில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். இடது காலைச் சொன்னார், எடுக்கவேண்டி வந்தாலும் வரும் என்று சொன்னார். தலைமயிர் போனதை, முன்பல் இரண்டு விழுந்ததை, தோளெலும்பு தூக்கிக்கொண்டிருப்பதை, நெஞ்சில் மூச்சு வாங்குவதைச் சொன்னார். ஒன்றையும் வெளுக்கவிடாமல் சொன்னார். அஞ்சலை இடையிடையே "எந்தப் பக்கப் பல்லு?" "மூச்சு வாங்கினா உக்காந்துக்குவாரா?" என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். கடைசியில் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனாள். புகைதான் கண்ணில் பட்டது என்று சொன்னாள்.

வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். சுவரில் படம் மாறியது. ஒரு வாரம் கழித்துச் சேதுபதிக்கு ஆள் வந்தது. கருணாகரன் அதே நாற்காலியில் இருந்தார்.

"வாங்க, மிஸ்டர் சேதுபதி. மூணரை வருஷம் மக்கள் பட்ட கஷ்டம் கொஞ்சமா? நானே எவ்வளவு பட்டேன்! இப்ப துயரப் படப் பிரிவுன்னு ஒண்ணு திறந்திருக்கோம். ஜப்பான்காரன் கொடுமைக்கு ஆதாரம் வேணும். உங்க சயாம் படத்தையெல்லாம் எடுங்க."

சேதுபதி கொடுத்தார். கருணாகரன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"என்ன இது? எல்லாரும் மாமியார் வீட்டு விருந்துக்குப் போன மாதிரி இருக்காங்க! இதை நான் எப்படி மேலிடத்துக்கு அனுப்பறது?"

"அவங்க செத்துக்கிட்டிருந்தாங்க ஐயா. நான் கண்ணால பாத்தேன்."

"நீங்க பாத்தது ஆதாரமாகாது. படம்தான் ஆதாரம்." கருணாகரன் பெருமூச்சு விட்டார். "மக்கள் கஷ்டப்பட்டாங்க. இது அரசாங்க முடிவு. படத்துல வரலன்னா கேமராதான் கோளாறு. நல்லதா ஒண்ணு லண்டன்லேருந்து வரவழைக்க எழுதறேன்."

சேதுபதி கேமராவை மேசைமேல் வைத்தார். இந்த வேலைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அப்படிச் சொல்ல இனிமேல் பயமில்லை என்பது அவருக்குச் சொன்ன பிறகுதான் உறைத்தது. ஆனாலும் அதில் பெரிய வீரம் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. களைப்பாக இருந்தது. வீட்டுக்குப் போய் மரவள்ளி பிடுங்கினார்.

சில மாதங்கள் கழித்துச் சயாமிலிருந்து ஆட்களைத் திருப்பி அனுப்புகிறார்கள், தம்பினில் ரயில் நிற்கும் என்று செய்தி வந்தது. அஞ்சலையோடு சேதுபதியும் போனார். மேடை முழுக்கப் பெண்கள். பலர் கையில் கணவனோ மகனோ முன்னொரு நாள் கோட்டுப் போட்டு எடுத்துக்கொண்ட படம் இருந்தது. அவற்றில் சில சேதுபதியின் ஸ்டூடியோவில், மலையும் ஏரியும் வரைந்த திரைக்கு முன்னால் எடுத்தவை. ரயில் வந்து நின்று ஆட்கள் இறங்க இறங்க, பெண்கள் படத்தைப் பார்ப்பதும் முகத்தைப் பார்ப்பதுமாக ஓடினார்கள். ஒருத்தி தன் மகனைக் கடந்தே போய்விட்டாள். அவன் பின்னாலிருந்து "அம்மா" என்று கூப்பிட்டும் அவள் நம்பாமல் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அஞ்சலை படம் எதுவும் கொண்டுவரவில்லை. கூட்டத்தை விட்டு ஒதுங்கி நின்று, யார் முகத்தையும் பார்க்காமல், கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பெட்டியிலிருந்து இருவர் கைத்தாங்கலாக இறக்கிய ஓர் ஆள், இறங்கியதும் மூச்சு வாங்கி, மேடை விளிம்பில் உட்கார்ந்துகொண்டான். இடது கால் முழங்காலோடு முடிந்திருந்தது. அஞ்சலை ஓடவில்லை. நேராக நடந்துபோய் அவன் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

தேவதாஸுக்குத்தான் நம்ப முடியவில்லை. "எப்படி அடையாளம் கண்டே?" என்றான்.

"அண்ணன் சொல்லிட்டாரு."

அவன் சேதுபதியை நிமிர்ந்து பார்த்தான். கோபமா என்று தெரியவில்லை. பிறகு மனைவியிடம் திரும்பி, "படம் குடுத்தாரா? நல்லா இருந்துச்சா?" என்று கேட்டான்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு," என்றாள் அஞ்சலை. அவன் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். "எந்திரிங்க. மெதுவா."